உடைமரத்துக் கலயம்

மண்டபம் அகதிகள் முகாமுக்குப் பின்னால் ஓர் உடைமரம் நிற்கிறது. அதன் கிளையில் பதினோரு மாதமாக ஒரு மண்கலயம் தொங்கிக்கொண்டிருந்தது. வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. உள்ளே இருந்தது பெருமாயி. காத்தமுத்துவின் தாய்.

எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கி, அடுத்த நாளே கடலில் கரைத்துவிட்டு வந்து தலைமுழுகுவதுதான் முகாமில் எல்லோரும் செய்வது. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. காத்தமுத்து கரைக்கவில்லை. அம்மா கடைசியாகச் சொன்ன பேச்சு அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

"என்னை நம்ம மண்ணுல சேர்த்துருடா."

சரிம்மா என்று சொல்லிவிட்டார். எந்த மண் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

பெருமாயி பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்து மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு. அவளுடைய தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். பாதி ஆயுசுக்கு மேல் அந்த மலையில் கொழுந்து பறித்தாள். அங்கே அவளை இந்தியாக்காரி என்றார்கள். கலவரத்துக்குப் பயந்து மகனோடு படகேறி இந்தக் கரையில் இறங்கினாள். இங்கே அவளைச் சிலோன்காரி என்றார்கள். இரண்டு அரசாங்கங்களும் எத்தனையோ விஷயங்களில் முட்டிக்கொண்டன. இவள் எங்கள் ஆள் இல்லை என்பதில் மட்டும் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

காத்தமுத்து சும்மா இருந்துவிடவில்லை. முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு முசிறிக்குப் போனார். அம்மாவின் தாத்தா வழிப் பங்காளி ஒருவர் அங்கே உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். மோர் கொடுத்து உட்கார வைத்தார். கலயத்தைப் பற்றிச் சொன்னதும் விசிறியை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்.

"கரைக்கிறதுக்கு என்னங்க, காவேரி என்ன என் வீட்டுச் சொத்தா? ஆனா பாருங்க, இன்னைக்குச் சாம்பல் வரும். நாளைக்கு நீங்க வருவீங்க. நாளன்னைக்குப் பங்கு கேட்டு வக்கீல் வருவாரு. எதுக்குங்க வம்பு?"

அட்டனில் இருந்த சித்தி மகனுக்குப் போன் போட்டார். அவன் குழைந்து குழைந்து பேசினான்.

"பாஸ்போட்டு இல்லாம நீ எப்படிண்ணே வருவ? பேசாம கூரியர்ல அனுப்பிரு. உள்ள என்னான்னு கேப்பானுக. மண்பாண்டம்னு சொல்லிரு."

காத்தமுத்து போனை வைத்துவிட்டார்.

வருஷத் திதிக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் கரைக்காவிட்டால் திதி கொடுக்க முடியாது. திதி கொடுக்காவிட்டால் அம்மா எங்கேயும் போய்ச் சேர முடியாது, நடு வழியில் நிற்பாள். உயிரோடு இருந்தபோதும் நடு வழியிலேயே நின்றவள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ராமேஸ்வரத்தில் லட்சுமண தீர்த்தத்துக்குப் பின்னால் ஒரு சிறிய மடம் உண்டு. ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் காத்தமுத்து அங்கே போய்க் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, சொல்வதைக் கேட்டுவிட்டு வருவார். மடத்தை நடத்திவந்த பெரியசாமி காலமான பிறகு அங்கே குருவாக உட்கார்ந்தவருக்கு வயது முப்பத்தெட்டுதான். மழமழவென்று சிரைத்த முகம். எல்லோரும் சின்னச்சாமி என்பார்கள். சீடர் காத்தமுத்துவுக்கோ அறுபது. மார்பு வரை வெண்தாடி. வயதுக்கு மரியாதை கொடுத்து, சீடரைக் குரு 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை காத்தமுத்து துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சாமி, எங்க மண்ணு எது?"

சின்னச்சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயெல்லாம் கேட்டீங்க?"

"முசிறியில கேட்டேன். அட்டன்ல கேட்டேன். முகாம் ஆபீஸ்லயும் கேட்டேன்."

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"மேலிடத்துல கேக்கணும்னாங்க."

"அது சரிதான்" என்றார் சின்னச்சாமி. "திங்கக்கிழமை அமாவாசை. கலயத்தை எடுத்துக்கிட்டு தனுஷ்கோடிக்கு வாங்க. நானும் வரேன்."

"கரைச்சிரவா சாமி? முடிவு பண்ணியாச்சா?"

"நான் எங்கய்யா முடிவு பண்ணேன்? கீரை உருவிட்டு இருக்கேன்."

திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் இருவரும் வேனில் போய் அரிச்சல்முனையில் இறங்கினார்கள். தரை அத்தோடு முடிந்துவிடுகிற இடம் அது. வலப்பக்கம் ஒரு கடல் இரைந்துகொண்டே இருக்கும். இடப்பக்கம் இன்னொரு கடல், குளம்போலக் கிடக்கும். நடுவில் மணல் குறுகிக் குறுகி, ஒரு பாய் அகலமாகி, பிறகு இல்லாமல் போகும். காத்தமுத்து இத்தனை வருஷத்தில் அங்கே வந்ததில்லை. எதிரே தெரியாத தூரத்தில் இலங்கையின் மன்னார் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே வந்ததில்லை.

அங்கே திதி, தர்ப்பணம் செய்துவைக்கும் வாஞ்சி சாஸ்திரிகள் மணலில் குடை நட்டு உட்கார்ந்திருந்தார். தர்ப்பைக் கட்டு, எள், ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி. வெண்தாடியோடு வந்தவரைக் கண்டதும் எழுந்து நின்று கைகூப்பினார்.

"வரணும் சுவாமிகளே. எந்த மடம்?" பிறகு பக்கத்தில் நின்ற சின்னச்சாமியிடம் வாளியை நீட்டினார். "தம்பி, சமுத்திர ஜலம் கொஞ்சம் மொண்டுண்டு வாப்பா. தெளிவா இருக்கணும்."

காத்தமுத்து பதறி வாயைத் திறந்தார். சின்னச்சாமி கண்ணால் அடக்கிவிட்டு, வாளியை வாங்கிக்கொண்டு போய் மொண்டு வந்தார்.

சாஸ்திரிகளின் இடுப்பு மடிப்பில் செல்போன் முனகியது. எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இலங்கைக்கு நல்வரவுங்கறான். இங்க நெட்வொர்க் அப்படி. வாரத்துக்கு நாலு தரம் நான் இலங்கைக்குப் போயிட்டு வந்துண்டிருக்கேன். ஆத்துக்காரிக்கே தெரியாது."

காத்தமுத்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாஸ்திரிகள் அதை அணைத்து உள்ளே வைத்துவிட்டார்.

"உக்காருங்கோ. சங்கல்பம் பண்ணிடலாம்."

"அது என்னன்னு இவருக்குத் தமிழ்ல சொல்லுங்க சாஸ்திரிகளே" என்றார் சின்னச்சாமி. "நிதானமா."

"சொல்றதுக்கு என்ன? யாரும் கேக்கறதில்லை. பின்னால ஆள் நிக்கும், சீக்கிரம் சீக்கிரம்னுவா."

"இன்னைக்குப் பின்னால யாருமில்லையே."

சாஸ்திரிகள் திரும்பிப் பார்த்தார். அமாவாசைக் கூட்டமெல்லாம் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டிருந்தது. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. சரி என்று சம்மணம் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கர்மா பண்ணாலும் முதல்ல, பண்றவன் எங்க இருக்கான்னு சொல்லணும். விலாசம் மாதிரின்னு வச்சுக்கோங்கோ. விலாசம் சரியா இல்லேன்னா கொடுக்கறது போய்ச் சேராது."

விலாசம் என்றதும் காத்தமுத்துவின் முதுகு தானாக நிமிர்ந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக அவரிடம் விலாசம் கேட்டிருக்கிறார்கள். பெயர் என்ன என்று ஆரம்பிப்பார்கள். தகப்பன் பெயர், பிறந்த இடம், வந்த தேதி, எந்தப் படகு. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே போவார். முடிவில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது, பார்க்க அங்கே அதிகம் மிச்சமிருக்காது.

சாஸ்திரிகள் ஆரம்பித்தது வேறு முனையிலிருந்து.

"பிரம்மாவுக்கு ஆயுசு நூறு வருஷம். நம்ம வருஷம் இல்லை, அவரோட வருஷம். அதுல ஐம்பது முடிஞ்சு போச்சு. இப்போ நடக்கறது ஐம்பத்தோராவது வருஷத்து முதல் நாள்."

"நாளா?"

"நாள்தான். ஒரு பகல். அந்தப் பகலுக்கு ஸ்வேத வராகம்னு பேர். வெள்ளைப் பன்றி. ஜலத்துக்குள்ள முழுகிக் கிடந்த பூமியைப் பகவான் பன்றி ரூபத்துல வந்து கொம்புல ஏந்தித் தூக்கினாரே, அதனால. அந்த ஒரு பகலுக்குள்ள பதினாலு மனுக்கள் ஆளணும். ஆறு பேர் ஆண்டு முடிச்சாச்சு. இப்போ ஏழாமத்தவர். அவர் காலத்துல எத்தனையோ யுகம் சுத்தி வந்து, இது இருபத்தெட்டாவது கலியுகம். அதுல முதல் கால் பாகம்."

காற்று வீசியது. சாஸ்திரிகள் எள்ளை மூடி வைத்தார்.

"காலம் ஆச்சா? இனிமே இடம். சமுத்திரங்களுக்கு நடுவுல நாவல் மரத் தீவு. ஜம்புத்வீபம். அதுக்கு மத்தியில மேரு மலை. அதுக்குத் தெற்குப் பக்கம் பாரத வர்ஷம்."

"அப்புறம்?"

"அப்புறம் சாலிவாகன சகாப்தம், இந்த வருஷம், இந்த அயனம், ருது, மாசம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம்."

"சாலிவாகனன்னா ராசா பேரு மாதிரி இருக்கே."

"ராஜாதான். வருஷத்தை எண்றதுக்கு அவர் பேரை வச்சுண்டிருக்கோம். அவர் ராஜ்ஜியம் எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சதுன்னு கேக்காதீங்கோ. எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாது. மந்திரம் அதைக் கேக்கறதுமில்லை."

"இடையில சண்டை வந்தா? எல்லை மாறினா?"

"மாறிண்டேதான் இருந்திருக்கும். மேரு மலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரலையே."

சின்னச்சாமி வாளியைப் பிடித்தபடி நின்றார்.

சாஸ்திரிகள் காத்தமுத்துவின் விரலில் தர்ப்பைப் பவித்திரத்தை மாட்டி, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். கண்ணை மூடி மந்திரத்தைத் தொடங்கினார். காத்தமுத்துவும் கண்ணை மூடினார்.

சொற்கள் அவருக்குத் தெரியாத பாஷை. ஆனால் எது எங்கே வருகிறது என்று இப்போது தெரிந்திருந்தது. பிரம்மாவின் வயதிலிருந்து அது புறப்பட்டது. தண்ணீரில் முழுகியிருந்த பூமியைத் தாண்டியது. மனுக்களைத் தாண்டியது. யுகங்கள் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டன. நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து யாரோ ஒருவர் இறங்கி வருவதுபோலவும், தீவு, மலை, மலையின் தெற்குப் பக்கம் என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டு வருவதுபோலவும், அப்படி வருகிறவர் தேடுவது தன்னைத்தான் என்பதுபோலவும் காத்தமுத்துவுக்கு இருந்தது. அவர் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தால் போதும். வந்துவிடுவார். இரண்டு கடல்களும் சேர்ந்து இரைந்தன. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மந்திரம் இந்த வருஷத்துக்கு வந்தது. இந்த மாதத்துக்கு வந்தது. இந்தக் கிழமைக்கு, இந்தச் சேதுவுக்கு, இந்த மணலுக்கு வந்து நின்றது.

"உங்க பேர், இருக்கிற இடம்?" என்றார் சாஸ்திரிகள்.

காத்தமுத்து எழுந்து நின்றார். குதிகால் சேர்ந்தது. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. முகாமில் மாதாமாதம் ஆள் சரிபார்க்கும்போது சொல்வது வாயில் தானாக வந்தது.

"டி பிளாக், நாப்பத்தாறு. காத்தமுத்து. ரெண்டு நபர், ஐயா."

சாஸ்திரிகள் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு நபரா? கூட யாரு?"

காத்தமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மணலில் இருந்த கலயத்தைப் பார்த்தார். பதினோரு மாதமாக ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்து ஒரு நபர் என்று திருத்திச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நழுவிவிட்டது.

"பழக்கத்துல வந்துருச்சுங்க. ஒரு நபர்தான்."

"முதல்ல சொன்னதையே வச்சுக்குங்க சாஸ்திரிகளே" என்றார் சின்னச்சாமி.

"எதை? ரெண்டு நபரையா?"

"டி பிளாக்கையும்தான்."

"தம்பி, நீ ஜலம் பிடிச்சுண்டு நில்லு. இது மந்திரம். முகாம் வீட்டு நம்பரை இதுக்குள்ள எப்படி நுழைக்கறது?"

"பிரம்மாவோட வயசுல ஆரம்பிச்சீங்க. இவ்வளவு பெரிய விலாசத்துல இவங்க வீட்டுக்கு மட்டுமா இடம் பத்தாம போயிரும்?"

சாஸ்திரிகள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு கலயத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதலிலிருந்தே ஆரம்பித்தார். இந்த முறை அவர் குரலில் அவசரம் இல்லை. பிரம்மாவின் பிற்பாதி ஆயுசில், வெள்ளைப் பன்றியின் பகலில், ஏழாம் மனுவின் காலத்தில், நாவல் மரத் தீவில், மேருவுக்குத் தெற்கே, சேதுக்கரையில், மண்டபம் முகாமில், டி பிளாக்கில், நாற்பத்தாறாம் வீட்டில், சிவ கோத்திரத்தில் பிறந்த காத்தமுத்து, பெருமாயி. இரண்டு பேர்.

சொல்லி முடித்துவிட்டு, அவரே கொஞ்சம் அசந்துபோனவர்போல உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருஷமா சொல்லிண்டிருக்கேன்" என்றார். "இவ்வளவு தூரம் வரும்னு தெரியாது." பிறகு காத்தமுத்துவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "சுவாமிகளே, யார் இந்தப் பையன்?"

"நான் சுவாமி இல்லைங்க. இவருதான் எங்க சாமி."

"ஐயையோ. தெரியாம வாளியைக் கொடுத்துட்டேனே."

"வாளி ஒண்ணும் கனமா இல்லை" என்றார் சின்னச்சாமி.

எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்தது. சாஸ்திரிகள் கலயத்தைத் தூக்கிக் காத்தமுத்துவின் இடத்தோளில் வைத்தார். இனி அவர் போய்க் கரைக்க வேண்டியதுதான். காத்தமுத்து தண்ணீரை நோக்கி நடந்தார். சின்னச்சாமி கூடவே போனார்.

ஈர மணல் தொடங்குகிற இடத்தில் காத்தமுத்து நின்றுவிட்டார்.

"விலாசம் கிடைச்சிருச்சு சாமி. அதுல குறை இல்ல. ஆனா அம்மா கேட்டது விலாசம் இல்ல, மண்ணு. நம்ம மண்ணுல சேர்த்துருன்னு கேட்டுச்சு. இது எங்க மண்ணுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நாளைக்கே எந்திரிச்சுப் போன்னா போகணும்."

அலை வந்து அவர்கள் காலுக்கு ஒரு சாண் முன்னால் திரும்பிப் போனது.

"அம்மா காலையில எந்திரிச்சதும் என்ன செய்வாங்க?" என்று கேட்டார் சின்னச்சாமி.

"எப்போ?"

"தோட்டத்துல இருந்தப்போ."

"லயத்துலயா? பாயை விட்டு எந்திரிச்சதும் குனிஞ்சு தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கும். 'மிதிக்கப் போறேன், பொறுத்துக்க தாயி'ன்னு சொல்லும். அப்புறம்தான் கால் வைக்கும். வெளிய கங்காணி நின்னு கத்துவான். கத்தட்டும்னு இருக்கும்."

"படகுல வந்து இறங்கினப்போ?"

காத்தமுத்து கலயத்தைத் தோளில் சரிசெய்து பிடித்துக்கொண்டார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இடுப்பளவு தண்ணியில இறக்கிவிட்டுட்டான் சாமி. நான் துணி மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு முன்னால போறேன். திரும்பிப் பாத்தா அம்மாவைக் காணோம். முழுகிருச்சுன்னு நினைச்சு மூட்டையைப் போட்டுட்டு ஓடுனேன். முழுகல. தண்ணிக்குள்ள முங்கி அடிமணலைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சு, மூக்குல வாயில தண்ணி ஒழுக ஒழுக அதையேதான் சொல்லுச்சு. பொறுத்துக்க தாயின்னு."

"முகாம்ல?"

"அங்க சிமெண்டுத் தரை. அதையும் தொடும். நான் கேலி பண்ணுவேன். 'ஏம்மா, இது காண்ட்ராக்டர் போட்ட தரை, அதுகிட்டப் போயி எதுக்கு மன்னிப்பு'ன்னு."

"அவங்க?"

"'அதுக்கு அடியில இருக்கிறவ யாருடா'ன்னு கேட்டுச்சு."

சின்னச்சாமி தலையை மட்டும் அசைத்தார். இடப்பக்கத்துக் கடல் அசையாமல் பளபளத்தது. தூரத்தில் ஒரு படகு நின்றது. அது எந்தக் கரைப் படகு என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

"இருந்தாலும் நம்ம மண்ணுன்னு சொல்லுச்சே சாமி" என்றார் காத்தமுத்து. "அது எதுன்னு தெரியணும்ல? நம்மளுக்குன்னு ஒரு மண்ணு இருக்கணும்ல?"

சின்னச்சாமி அவர் பக்கம் திரும்பினார்.

"தனக்குச் சொந்தமான ஒண்ணுகிட்ட யாராவது தினம் தினம் மன்னிப்புக் கேப்பாங்களா ஐயா?"

காத்தமுத்து தோளிலிருந்த கலயத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி குனிந்து, ஈர மணலைத் தொட்டார்.